ஷிப்ட் சங்கு

7.7.2000, வெள்ளி

பக்கத்து ரூமுக்குப் புதிதாக வந்த குட்டிப்பெண் செருப்போடு தூங்குகிறாள். அவள் அம்மா வேலை கேட்டுப் போனதால், வீட்டுக்கார அக்கா வீட்டில் நான்தான் இன்று அவளைப் பார்த்துக்கொண்டேன்.

கம்பெனியில் ஷிப்ட் சங்கு ஊதியது. துள்ளி எழுந்தவள் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். குனிந்து பார்த்தேன்.

"குண்டு போட வாறாங்கள் அக்கா. நீங்களும் வாங்கோ."

வீட்டுக்கார அக்கா சீரியலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னாடி சொல்லுது? திருநெல்வேலின்னாங்க, பேச்சு வேற மாதிரி கீதே. சிலோன்காரங்கன்னா நாளைக்கே ரூமைக் காலி பண்ணிடணும். தலைவரைக் குண்டு வெச்சுக் கொன்னப்ப போலீஸ் விசாரணைன்னு இந்த ஊர்ல பட்டது போதும்."

விளம்பரம் வந்ததும் என் பக்கம் திரும்பினாள். இவர்கள் எந்த ஊர் என்று அக்காவுக்கு முன்பே தெரியுமோ? என்னைச் சோதிக்கிறாளோ?

"கண்ணாமூச்சி ஆடறோம்க்கா" என்றேன். நானும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.