பதில் முடிந்ததா இல்லையா: டீபக்கரின் முடிவுக்குறி குறித்து

அனுப்புநர்
பேசும் கருவியை எழுதிப் பராமரிப்பவன்,
மாடி அறை, பேருந்துப் பணிமனைக்கு எதிர்வீடு.

பெறுநர்
தலைமைப் பராமரிப்பாளர் அவர்கள்,
டீபக்கர் பராமரிப்புக் குழு.

பொருள்: பிற புரோகிராம்களுக்கு டீபக்கர் அனுப்பும் பதிலின் முடிவுக்குறி ஒரே மாதிரி வராதது – சரிசெய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்காவுக்குப் பார்வை கிடையாது. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் தகுதிகாண் பருவத்தில் இருக்கிறாள். புரோகிராமில் பிழை எங்கே என்று தேடத் தங்கள் டீபக்கரைத்தான் பயன்படுத்துகிறாள். அதன் பதிலை வாங்கி அவள் காதில் சொல்லும் கருவியை எழுதியவன் நான்.

2. பதில் முடிந்ததும் டீபக்கர் ஒரு முடிவுக்குறி அனுப்பும். அதைக் கண்ட பிறகுதான் என் கருவி வாய் திறக்கும். தங்கள் கையேட்டின்படி குறியை அடுத்து உடனே புதுவரி வரவேண்டும். வருவதோ வேறு. சில கட்டளைகளுக்குக் குறிக்கும் புதுவரிக்கும் நடுவில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருகிறது, சிலவற்றுக்கு இல்லை. புதுவரியே வராமல் போவதும் உண்டு. அப்போதெல்லாம் பதில் இன்னும் முடியவில்லை என்று நம்பி என் கருவி காத்துக்கிடக்கிறது. அக்காவும் காத்துக்கிடக்கிறாள்.

3. சென்ற வாரம் மேலதிகாரி முன்னிலையில் இதுதான் நடந்தது. பிழை இருக்கும் இடத்தை அவள் சரியாகவே பிடித்துவிட்டாள். உறுதிசெய்யக் கட்டளையும் கொடுத்துவிட்டாள். காதில் சத்தமே இல்லை. விடை தெரியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவர் மதிப்பீட்டில் எழுதிவிட்டார். பிறகு அவள் விளக்கியபோது, கருவியைக் குறை சொல்கிறாள் என்று அதையும் சேர்த்து எழுதிக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "பதில் திரையில இருந்திருக்குடா, எனக்கு மட்டும்தான் தெரியல" என்று வீட்டுக்கு வந்து சொன்னாள்.

4. இதுபற்றி முன்பே புகார் கொடுத்திருந்தேன். "திரையில் பார்த்தோம், எல்லாம் சரியாகவே இருக்கிறது" என்று எழுதித் தங்கள் குழுவினர் மூடிவிட்டார்கள். அடடா! வரியின் கடைசியில் இருக்கும் இடைவெளி யார் கண்ணுக்குத் தெரியும், ஐயா? புரோகிராம் படிக்க வேண்டியதைப் புரோகிராமை வைத்தல்லவா சோதிக்க வேண்டும்?

5. எப்படி வந்தாலும் ஏற்கும்படி கருவியை மாற்றலாமே எனத் தாங்கள் கேட்கக்கூடும். மாற்றிப் பார்த்தேன். அக்கா சோதித்துக்கொண்டிருந்த புரோகிராம் தானாக அச்சிட்ட எழுத்துகளில் அதே குறி இருந்தது. பதில் முடிந்துவிட்டதென நினைத்து, என் கருவி பாதியைப் படித்து நிறுத்திவிட்டது. மருந்தின் அளவைக் கணக்கிடும் புரோகிராம் அது. அரைகுறையாகக் கேட்பதைவிடக் கேட்காமலிருப்பதே மேல் என்று அக்கா பழையபடி மாற்றச் சொல்லிவிட்டாள்.

6. இடைவெளி வேண்டும், வேண்டாம் என்று நான் அடம்பிடிக்கவில்லை. எதுவானாலும் எல்லாக் கட்டளைக்கும் ஒன்றாக இருக்கட்டும். கையேட்டிலும் அதுவே இருக்கட்டும். மூடிய புகாரைத் திறந்து திருத்தம் செய்ய உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுபடி மூடினால் மறுபடி எழுதுவேன். எனக்கு வேறு வேலை இல்லை என்று தாங்கள் நினைத்தாலும் சரி.

7. வருகிற வெள்ளிக்கிழமை அக்காவுக்குக் கடைசி மதிப்பீடு. அதே மேலதிகாரி, அதே டீபக்கர். அதற்குள் ஆவன செய்யுங்கள். அடுத்த மாதம் செய்தாலும் திருத்தம் திருத்தம்தான். ஆனால் அக்காவின் நாற்காலியில் வேறொருவர் இருப்பார், அவருக்கு அது தேவைப்படாது.

இடம்: மாடி அறை
நாள்: திங்கட்கிழமை

இப்படிக்கு,
விடுவதாக இல்லாத,
(ஒப்பம்)
பேசும் கருவி எழுதியவன்