முட்டை ஓட்டில் வரைந்த முகங்கள்

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். நீயும் வயிற்றில் இருப்பதும் சுகந்தானே? கால் வீக்கம் வடிந்ததா?

இன்று முதலாளி வீட்டில் விருந்து. முட்டைகளின் மேல்பக்கத்தை வெட்டி, ஓட்டைக் கழுவி, அதில் பூ வரைந்து, உள்ளே கஸ்டர்ட் ஊற்றிப் பரிமாற வேண்டும். உன் நாள் நெருங்க நெருங்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பூ வரைய வேண்டிய கை, இருபது ஓட்டிலும் குழந்தை முகத்தை வரைந்துவிட்டது.

பெரிய சமையல்காரர் பார்த்துவிட்டு, "என்னப்பா, எல்லாம் கண்ணை மூடியிருக்கு?" என்றார்.

"தூங்குது சார், எழுப்பிடாதீங்க" என்றேன். சிரித்துவிட்டு அப்படியே மேசைக்கு அனுப்பிவிட்டார்.

காலி ஓடுகள் இருபதும் கீறல் இல்லாமல் திரும்பி வந்தன. இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

போனைத் தலைமாட்டிலேயே வை. வலி எடுத்தால் முதலில் என்னைக் கூப்பிடு. இல்லையில்லை, முதலில் வண்டியைக் கூப்பிடு.

அவசரத்தில்,
உன் வீட்டுக்காரன்