குழாய் இருந்த சுவர்

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். தொலைபேசியில் பேசினால் நீ சிரித்தே என் வாயை அடைத்துவிடுவாய். காகிதத்திடம் அது நடக்காது என்பதால் எழுதுகிறேன். கடைசி வரிவரை உட்கார்ந்து படி.

இருப்பவர் வைத்து இல்லாதவர் எடுத்துப்போகும் நம் தெருவின் சோற்று அறையை நீ புதுப்பித்துக் கொடுத்து ஒரு மாதமாகிறது. மாடிப்படிக்கு அடியில் இருட்டிக் கிடந்த அறை இப்போது பளபளக்கிறது. மரக்கதவு போய்க் கண்ணாடிக் கதவு வந்திருக்கிறது. உள்ளே பெரிய குளிர்பெட்டி, வெள்ளை விளக்கு, சுவரை அடைத்துக்கொண்டு உன் அறக்கட்டளையின் பலகை, அதில் அம்மாவின் படம். சோறு எடுக்கத்தான் ஆள் வருவதில்லை. எதிர்ச் சலவைக்கடைக்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "பசியையும் ஷோகேஸ்ல வச்சுட்டாங்கய்யா. இனிமே விலைச்சீட்டு ஒட்ட வேண்டியதுதான் பாக்கி."

ஏன் வருவதில்லை என்று நீ கேட்கலாம். பதினெட்டு வயதில் படிக்கப் போனவனுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இது வாய்விட்டுச் சொல்லப்படுகிற விஷயமும் அன்று.

சாயங்காலமானால் தெருவில் பாதிப்பேர் தூக்குப் பாத்திரத்தோடு அந்த அறைக்குப் போவதை நீ பார்த்திருப்பாய். கொடுக்கிறவரும் தூக்கோடுதான் போவார், எடுக்கிறவரும் தூக்கோடுதான் போவார். ஒருவர் உள்ளே இருக்கும்போது இன்னொருவர் நுழைவதில்லை. ஆனால் காலித் தூக்கு கையில் ஆடும். நிறைந்த தூக்கு ஆடாது. தெருவுக்குக் கண் உண்டு. ஆகவே எடுக்கப் போகிறவர் வீட்டிலேயே தூக்கில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு கிளம்புவார். அறையிலிருந்த தொட்டியில் அதைக் கொட்டிவிட்டுச் சோற்றை எடுத்துக்கொள்வார். கொடுக்கப் போகிறவர் சோற்றை அண்டாவில் சேர்த்துவிட்டு, அங்கிருந்த குழாயில் தூக்கை நிரப்பிக்கொண்டு திரும்புவார். போகும்போதும் கனம், வரும்போதும் கனம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நம் தெரு அரை நூற்றாண்டாக மறைத்தது.

பாசி பிடித்த தொட்டியையும் ஒழுகுகிற குழாயையும் நீ பிடுங்கி எறிந்தாய். அந்த இடத்தில்தான் பலகை நிற்கிறது. விடைத்தாள் திருத்த நான் வெளியூர் போயிருந்தேன். திரும்பியபோது திறப்பு விழா. உன்னை ஏன் யாரும் தடுக்கவில்லை என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டேன். "என்ன சார் சொல்லித் தடுக்கறது? குழாய் எதுக்குன்னு சொன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேப்பாங்களே" என்றார்.

இனி அந்தப் புகைப்படம். மருந்துக்கடைக்கு மேலே குடியிருக்கும் தையல்காரப் பெண்ணை உனக்குத் தெரியாது. தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சீருடை தைத்தவள். கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையில் இருக்கிறார், இரண்டு பெண்கள். அவர் நடமாடிய காலத்தில் அவள் தூக்கு எப்படிப் போயிற்று, பிறகு எப்படிப் போயிற்று என்று தெருவில் ஒருவரும் அறியார். விழாவுக்கு அவள் விருந்தாளியாக வந்தாள். உன் புகைப்படக்காரர் அவள் கையில் சோறு வைத்த ஒரு சிவப்புப் பையைத் திணித்து, "அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்றார். மரியாதைக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குக் கீழே "இந்தக் குடும்பத்தின் பசி தீர்ந்தது" என்று எழுதி, இணையத்தில் போட்டு உலகத்துக்குக் காட்டியிருக்கிறாய்.

பள்ளிக்கூடத்தில் அவளுடைய மூத்த பெண்ணின் பெயர் இப்போது 'சிவப்புப் பை'. அந்தக் குழந்தை பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டது. தாய் உன் அண்ணியிடம் வந்து, "இருபது வருஷமா இந்தத் தெருவுல நான் தையக்காரி. ஒரே நாள்ல பசிக்காரி ஆயிட்டேன் அக்கா" என்றாளாம். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யப்போகிறாள். படுக்கையில் இருக்கும் மனிதரோடு எங்கே போவாள் என்று அவளுக்கே தெரியாது. உன் அண்ணி அன்று சொன்ன சொல்லை மாற்றாமல் எழுதுகிறேன்: "உங்க தம்பி தானம் பண்ண வரலை, தம்பட்டம் அடிக்க வந்திருக்கார்."

படத்தை நீக்கச் சொல்லி உன் அலுவலகத்துக்கு எழுதினேன். நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்கும் என்று பதில் வந்தது. ஒரு குழந்தை தலைநிமிர்ந்து பள்ளிக்குப் போகலாமா என்பதற்கு ஒரு குழு! பெறுகிறவரின் முகத்தைக் காட்டினால்தான் மற்றவர்களும் கொடுப்பார்கள் என்று நீயே என்னிடம் சொன்னாய். அது அவள் முகம். உன் முதலீடு அன்று. கொடுத்ததற்குச் சாட்சி கேட்பவன் கொடுக்கவில்லை, வாங்கியிருக்கிறான்.

உன் பணத்தையோ மனதையோ நான் பழிக்கவில்லை. அறியாமல் செய்தாய். அறிந்தபின் திருத்தாதிருப்பதற்கு மன்னிப்பில்லை. மாதம் முடியுமுன் படம் போக வேண்டும். பலகை இறங்க வேண்டும். மரக்கதவும் தொட்டியும் குழாயும் வர வேண்டும். நீயே வந்து செய். புகைப்படக்காரரை அழைத்து வராதே.

பலகையைப் பற்றி இன்னும் ஒன்று. "எங்கம்மா தினமும் இந்த அறையில அள்ளிக் கொடுத்தவங்க. அந்தக் கைதான் என் கை" என்று ஒலிபெருக்கியில் சொன்னாய். எல்லோரும் கைதட்டினார்கள். வயதானவர்கள் சிலர் தட்டவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவனித்தாயா?

அப்பா போன பிறகு, சாயங்காலங்களில் அம்மாவோடு தூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தவன் நான். நீ இடுப்புக் குழந்தை. அம்மா எதற்குப் போனாள் என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்பதுதான் அந்த அறையின் ஒரே சட்டம். உனக்காகவும் அதை மீற மாட்டேன். ஒரே ஒரு சாயங்காலத்தை மட்டும் எழுதுகிறேன். அறைக்குப் போகும் வழியில் கல் தடுக்கி, தூக்கு சரிந்து, என் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அம்மா என்னைத் திட்டவில்லை. வீட்டுக்குத் திரும்பி, தூக்கை மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்தாள். இரவு படுக்கப் போவதற்குள் என் சட்டை காய்ந்துவிட்டது. கறை ஒன்றும் இல்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், தம்பி. உன் பிள்ளைகள் யார் முன்னாலும் தலை குனியாமல் வளர வேண்டும். நம்மை அம்மா வளர்த்ததுபோல.

குழாயைப் போடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்