உள்ளே தூங்குபவன்

மார்ச் 3
என் மகன் இதிர் பிறந்து பன்னிரண்டு நாள். ஏழாம் மாதத்திலேயே வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். இன்னும் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள்தான். பாலைப் பிழிந்து கொடுத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். வயிற்றுக்குள் ஒரு உதை.

பிள்ளை வெளியே இருக்கிறான். உதைத்தது யார்?

மார்ச் 4
மருத்துவச்சி நுஸ்ஹா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "இத்தோ, உனக்குக் கர்ப்பப்பையில நெடுக்கா வெட்டின தையல். ஒன்றரை வருஷத்துக்குள்ள இன்னொன்னு தங்கினா அது கிழியலாம். உன் உசுருக்கே ஆபத்து. மாதவிலக்கு வரலையேன்னு நம்பி இருந்துடாதே." கர்ப்பப்பைக்குள் காப்பர் டி, அந்தச் செம்புக் கம்பி, வைக்கலாம் என்றார். தலையாட்டினேன். பிள்ளை பெற்ற நாற்பது நாள் முடிந்ததும், தாஞ்சியர் நகரத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் மைமூன் வருகிறார்.

மார்ச் 5
உதையையும் காப்பர் டியையும் பற்றி மாமியாரிடம் சொன்னது என் தப்பு. மாவு பிசைந்த கை அப்படியே நின்றது. "அது தூங்குற பிள்ளைடி. இவன் அவசரப்பட்டு வந்துட்டான், கூட இருந்தவன் தூங்கிட்டான். என் அத்தை வயித்துல ஒன்னு நாலு வருஷம் தூங்கிட்டு அப்புறம்தான் பிறந்துச்சு. செம்பை உள்ள விட்டுக் குத்திக் கொன்னுடாதே."

சிரிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. எங்கள் மலையில் இதைக் கேட்காமல் வளர்ந்தவள் யார்?

மார்ச் 7
உதை.

மார்ச் 9
பெட்டிக்குள் இதிர் காலை நீட்டுகிறான். அதே நேரம் என் உள்ளே ஒன்று நீட்டுகிறது. பயமாயிருக்கு. யார்கிட்ட சொல்ல? நான் செத்துட்டா இதிரை யார் பார்ப்பா? செம்பு குத்திட்டா உள்ளே தூங்குறவனுக்கு யார் பதில் சொல்றது?

மார்ச் 11
நுஸ்ஹாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்கேன் செய்து காட்டினார். "யாரும் இல்லம்மா. பெத்த பிறகும் உதைக்கிற மாதிரி நிறைய பேருக்கு இருக்கும்." திரையில் வெறும் கறுப்பு. அதைப் பார்த்து அழுதேன்.

என் வயிற்றைத் துடைத்துவிட்டுக் கேட்டார்: "செம்பு உள்ள போறதுதானே பயம்? அப்ப கையில வச்சுக்கோ. தோலுக்கு அடியில சின்னக் குச்சி, அதுவும் கர்ப்பம் தங்காம தடுக்கும். கர்ப்பப்பைக்குள்ள எதுவுமே போகாது."

"அங்க தூங்குறவன்?"

"நான் யாரையும் பார்க்கல. நீ பார்த்தா, தூங்கட்டும். நீயும் ஓய்வெடு."

மார்ச் 12
குச்சி வைத்தாயிற்று. இடது கையில் கட்டு. மாமியார் தடவிப் பார்த்தார். "கையிலதானா? அப்ப சரி," என்று ரொட்டி சுடப் போய்விட்டார்.

ஏப்ரல் 6
இதிர் வீட்டுக்கு வந்துவிட்டான். மைமூனும் நேற்று வந்தார். அவர் பக்கத்தில் படுக்க எனக்குப் பயம் இல்லை.

மதியம் இதிரை வயிற்றின்மேல் போட்டுக்கொண்டேன். மேலேயிருந்து உதைத்தான். உள்ளேயிருந்தும் ஒன்று, மெதுவாக, யாரோ புரண்டு படுப்பதுபோல.

"தூங்கு," என்றேன்.

இருவரும் தூங்கினார்கள்.