காவ்யா மலையேறும் சனிக்கிழமை

ஜூன் 15, 1997. ஞாயிறு

காலையில் பனிமூட்டம், பத்துக்கு மேல் வெயில். வேலை: பெட்டி கட்டத் தொடங்குவது. அடுத்த ஞாயிறு ஊருக்கு விமானம்.

மூத்த பேரன் சரவணன் நியூஜெர்சியில் டாக்டர். மகள் வீட்டுப் பேத்தி ஈரோட்டில் பிளஸ் டூ, பள்ளிக்கே முதல். இங்கே ஃப்ரீமான்டில் மகன் வீட்டில் காவ்யா, இருபது வயது, கணக்கில் மெடல். போன வருடம் கயிறு கட்டிப் பாறை ஏறினாள். நான் படித்தது ஐந்தாவது.

இப்போதும் காவ்யா மலைக்குத் திட்டம் போடுகிறாள். மேசை பூரா வரைபடம். என்றைக்கு என்று கேட்கவில்லை.

சாயங்காலம் பஞ்சாங்கம் பார்த்தேன். ஞாயிறு மேற்கே சூலம். விமானம் போவதும் மேற்கே, கடல் தாண்டி. சனிக்கு மாற்றச் சொன்னேன்.

மகன்: "ஏம்மா, ஈரோட்டுச் சூலம் ஃப்ரீமான்ட் வரைக்கும் வருமா?"

"இங்கயும் சூரியன் கிழக்கதான முளைக்குது."

சிரித்தான்.

ஜூன் 16. திங்கள்

டிக்கெட் மாறியது. சனி மதியம். நிம்மதி. அரிசி வடகம் பொரித்தேன்.

ஜூன் 17. செவ்வாய்

காவ்யா திட்டத் தாளைப் படித்துக் காட்டினாள்.

வெள்ளி 3 மணி, கார்.
சனி விடியல் 4, நடை. நிழலில் இன்னும் பனி.
7, பாறை அடி.
1 மணிக்கு உச்சி. இல்லாவிட்டால் எங்கே இருந்தாலும் இறக்கம். பிற்பகலில் இடி விழும்.

"சனிக்கிழமை எனக்கு பிளேன் கண்ணு."

"நோ அப்பத்தா, சண்டே. ஐ கெப்ட் சண்டே ஃபார் யூ. நான்தான் ஏர்போர்ட்டுக்கு டிரைவ் பண்றேன்."

மாற்றியதைச் சொன்னேன். தாளை மடித்தாள், பிரித்தாள். சிநேகிதி ஜென்னி இந்த ஒரு நாளுக்காக டெக்சாஸிலிருந்து, ரவுண்ட் ராக்கிலிருந்து வருகிறாள். ஞாயிறு திரும்பிவிடுவாள். மகன் போன் செய்து பார்த்தான். மறுபடி மாற்ற சீட் இல்லை. என் விசா மாதக் கடைசி வரைதான்.

"கேன்சல் பண்ணிடவா?" என்று காவ்யா கேட்டாள்.

பண்ணு என்று வாய் வரை வந்தது. "போயிட்டு வா கண்ணு, எனக்கென்ன" என்றேன்.

"நெக்ஸ்ட் டைம் நான்தான் உன்னை பிக்கப் பண்ணுவேன்."

அடுத்த முறை கிடையாது. இந்த இருதயத்துக்கு இதுதான் கடைசி விமானம் என்று டாக்டரம்மா சொன்னது அவளுக்குத் தெரியாது. படிக்கிற பிள்ளை, சொல்ல வேண்டாம் என்றது நான்.

ஜூன் 19. வியாழன்

வெயில் அதிகம். குளியலறை எடை மெஷினில் காவ்யாவின் மலை மூட்டையை நிறுத்தோம். கனம் என்று அவள் வெளியே எடுத்தவை: இரண்டாவது ஸ்வெட்டர், ஒரு தண்ணீர் பாட்டில், என் புளிசாதம்.

மருமகள்: "விடுங்க அத்தை, பாறையில தொங்கிட்டு புளிசாதம் திம்பாளா?"

காவ்யா பாதிச் சாதத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள். என் முகத்துக்காக.

கயிற்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் சுற்றிக்கொண்டே வந்தாள். கடைசிச் சுற்றுக்கு என் கை பக்கத்தில் நின்றாள். எண்ணெய் வைக்காத தலை.

ஜூன் 20. வெள்ளி

மூன்று மணிக்குத்தானே கிளம்புகிறார்கள் என்று ஒன்றரைக்கு எண்ணெய்க் குளியல். வெள்ளிக்கிழமை விட்டதில்லை. ஜென்னியின் விமானம் முன்னாலேயே வந்துவிட்டது.

காவ்யா குளியலறைக் கதவைத் தட்டினாள். "அப்பத்தா, டிராஃபிக் ஆயிடும், வீ ஹேவ் டு கோ. பை."

தலை நிறைய சீயக்காய். "இரு கண்ணு, வந்துட்டேன்" என்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டதோ என்னவோ. சேலை சுற்றிக்கொண்டு வந்தபோது வாசலில் கார் இல்லை.

மருமகள்: "அஞ்சு நிமிஷம் நின்னு பார்த்தா அத்தை."

ஐந்து நிமிடம். நான் தலை அலசிக்கொண்டிருந்தேன்.

இரவு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

ஜூன் 21. சனி

விமான நிலையம், காலை 10. வானம் சுத்தம், ஒரு மேகம் இல்லை. இந்நேரம் பாறையில் இருப்பாள். பாதி ஏறியிருப்பாள்.

சக்கர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மகன் கண்ணைத் துடைத்தான். எனக்கு வரவில்லை.

மகனிடம் சொன்னது: உச்சியில் எடுத்த படம் கழுவி வந்ததும் ஒன்று தபாலில் போடு. தலைக்கவசத்தைக் கழற்றி, முகம் தெரிகிற மாதிரி எடுத்ததாகப் பார்த்து அனுப்பு.