அவரே விடும் மூச்சு

அன்புள்ள மகனுக்கு,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாதே. அப்பா நன்றாக இருக்கிறார். பதினைந்து நாளுக்கு முன் அவருக்கு இதய ஆபரேஷன் நடந்தது. போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீயும் பாதி கேட்டும் கேளாமலும் கிளம்பிவிடுவாய். அதனால்தான் கடிதம். மறைத்ததற்குத் திட்டுவதாக இருந்தால் முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார்கள். ஆனால் அவர்களுக்குப் பெரிய கவலை நுரையீரல்தான். தச்சுப் பட்டறையின் முப்பது வருட மரத்தூள் அல்லவா உள்ளே போயிருக்கிறது! மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். உன் அக்கா வயதுதான் இருக்கும். "இதயத்தை நிறுத்திட்டுத்தான் வால்வை மாத்துவாங்க. அதுவரைக்கும் ரத்தத்தை மெஷின் பார்த்துக்கும். நுரையீரலுக்கு வேலை இருக்காது. சும்மா கிடந்தா சுருங்கிடும், நீர் கோத்துக்கும். நல்ல நுரையீரல்னா சமாளிச்சு எழுந்துக்கும். உங்களோடதை நினைச்சாத்தான் யோசனையா இருக்கு" என்றார். முழுவதும் சுருங்க விடாமல், உள்ளே கொஞ்சம் காற்றை நிறுத்தி, லேசாக மூச்சு கொடுத்துக்கொண்டே இருக்கப்போவதாகச் சொன்னார். "இதனால கண்டிப்பா பலன் இருக்கும்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா செய்யாம விட எனக்கு மனசு வரலை." அந்த நேர்மைதான் எனக்குத் தைரியம் கொடுத்தது.

மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை செய்யும்படி யாரும் சொல்லவில்லையா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தரையைப் பார்த்தார். "என் பையன் சொன்னான். நான்தான் கேக்கலை."

நீ வாங்கி வந்த மாஸ்க்குகளை வேலையாட்கள் முன்னால் அவர் தூக்கி எறிந்ததையும், நீ சாப்பிடாமல் பெட்டியோடு படியிறங்கியதையும் பற்றி இந்த இரண்டு வருடத்தில் அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

ஆபரேஷனுக்கு முன் மூன்று வாரம் பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு. மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, உறிஞ்சி உறிஞ்சிப் பழகச் சொன்னார்கள். முதல் நாள் ஒரு பந்து எழும்பவே தலைகீழாக நின்றார். "பொம்மையைக் கொடுத்து ஏமாத்தறாங்க" என்று கத்தினார். ஆனாலும் விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முந்தின நாள் மூன்றாவது பந்தும் மேலே போய் ஒட்டிக்கொண்டது. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். நான் துணி மடிப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

ஆபரேஷன் ஆறு மணி நேரம். நல்லபடியாக முடிந்தது என்றார்கள். மறுநாள் காலை மூச்சுக் குழாயை எடுப்பதாக இருந்தது, எடுக்கவில்லை. ஆக்சிஜன் இறங்குகிறது, இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்றார்கள். அந்த ஒரு நாளை எழுத எனக்குக் கை வரவில்லை. அக்கா வாங்கி வந்த காபி என் கையிலேயே ஆறிப்போனது. அதற்கடுத்த நாள் மதியம் டாக்டரம்மா தானே வெளியே வந்தார். "அவரே மூச்சு விடறாரும்மா" என்றார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

உள்ளே போனேன். உன் அப்பா கரகரத்த குரலில் பேசிய முதல் பேச்சு என்ன தெரியுமா? "பட்டறையைப் பூட்டினியா?" சிரித்தேனா அழுதேனா, இரண்டும்தான்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுகிறார், தையல் வலிக்குமாம். காலையில் தெருமுனை வரை நடக்கிறார். பட்டறைக்குப் புகைபோக்கி மாதிரி தூள் இழுக்கும் மெஷின் மாட்ட ஆள் வந்து அளவெடுத்துப் போனான். நான் சொல்லி அல்ல, அவரே கூப்பிட்டது.

நேற்று சாப்பிடும்போது, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல, "அவன் ஊர்ல இப்ப மணி என்ன இருக்கும்?" என்றார். நான் சொன்னேன். தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார்.

நன்றாகச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு. உனக்கு ஒரு குறையும் வராது. ஒன்று மட்டும் கேட்கிறேன் கண்ணா. அவர் நம்பருக்கே போன் செய். எடுத்ததும் பேச்சு வராவிட்டால் கோபம் என்று நினைத்து வைத்துவிடாதே. பேசுவதற்கு முன் அவருக்கு ஒரு மூச்சு இழுக்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்திரு.

உன் அம்மா