உறுமியை நீ எடுத்துவிட்ட பாட்டு

உன் ஹெட்போனின் பஞ்சு உதிர்கிறது. இன்று மதியம் ரஹாங் மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பாட்டுப் போட்டுவிட்டு, வயரைச் சுருட்டி வேனில் ஏற்றி, கண்ணாடியில் பார்த்தால் காதோரமெல்லாம் கறுப்புத் துகள். "புதுசு வாங்குங்கண்ணே" என்கிறார்கள் கூட வரும் பையன்கள். வாங்கலாம். ஸ்பீக்கரைத் தூக்கினாலே முதுகு பிடித்துக்கொள்கிறவனுக்குப் புது ஹெட்போன் எதற்கு? நீதான் என்னை இந்தத் தொழிலில் இழுத்துவிட்டாய், நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உன்னைத் தெரியாதவர் இல்லை. மலாக்காவிலிருந்து வந்த போர்த்துகீசியக் குடும்பம். உன் அப்பா ரப்பர் ஆலையில் ஃபிட்டர். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் தமிழ் பேசி வளர்ந்தாய், என்னைவிட நன்றாக ஏசுவாய். பதினேழு வயதில் யாரோ கொடுத்த கேசட்டில் ஹவுஸ் என்கிற கிளப் நடன இசையைக் கேட்டுக் கிறுக்குப் பிடித்துவிட்டது உனக்கு. "நிமிஷத்துக்கு நூத்தி இருவத்தி நாலு அடி, மச்சான். வேகமா நடந்தா நெஞ்சு இப்படித்தான் அடிக்கும்" என்பாய். கல்யாண மண்டபம், போர்ட்டிக்சன் ஹோட்டல், பிறகு கோலாலம்பூர் கிளப் என்று நீ டிஜேயாக மேலே மேலே போனபோது கூடவே பெட்டி தூக்கியது நான்.

அந்தப் பாட்டு நம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில்தான் தொடங்கியது. திருவிழாவில் உறுமி அடிப்பதைப் பதிவு செய்ய ஒரு சின்னக் கருவியோடு வந்தாய். நீ பிடித்த அடி சாமியை அழைக்கிற அடி, மற்ற நேரத்தில் அதை அடிக்க மாட்டார்கள். உனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். அதை வெட்டி ஒட்டி, அடியில் பேஸ் கொடுத்து, ஆறு நிமிடப் பாட்டாக்கினாய். கிளப்பில் அதைப் போட்டால் ஒருவரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். லிஸ்பனில் ஹவுஸ் இசை வெளியிடும் ஒரு சின்ன நிறுவனம் உன்னை அழைத்ததும் அந்தப் பாட்டுக்காகத்தான்.

நீ கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது பக்கத்து ஊரான சுவாவில் என் தங்கை கல்யாணம். சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டாய். அம்மா பாயசத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கொண்டை அவிழ்ந்தது, உடம்பு ஆடியது. சாமி வந்துவிட்டது. எலுமிச்சம்பழம் தேடி ஒருவர் சமையல்கட்டுக்கு ஓடினார். மாப்பிள்ளை வீட்டார் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. வயரைப் பிடுங்கிவிட்டு, உன்னை மண்டபத்துக்குப் பின்னால் இழுத்துப் போனேன்.

"எங்க சாமிய வெச்சு டான்ஸ் போடுறியா? நீ வேற ஆளு லா. உனக்கு என்னா தெரியும்?"

நான் உள்ளே போனேன். நீ வரவில்லை.

உறுமியை எடுத்துவிட்டுத்தான் அந்தப் பாட்டை லிஸ்பனுக்குக் கொண்டுபோனாய். அது இல்லாமல் வேண்டாம் என்றார்களாம். ஒரு கோடைக்காலம் முழுக்கச் சின்னச் சின்ன இடங்களில் பாட்டுப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாய். "இங்க எல்லாரும் என்னைய போர்த்துகீஸ்னு சொல்றீங்க. அங்க போனா மலேசியன்னு சொல்றாங்க லா" என்று சிரித்தாய். உறுமியோடு ஏன் கொடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு ஏது?

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "அந்தப் பையன ஏன் ஏசுன? சாமி எறங்குச்சுன்னா அவன் சரியாத்தான் போட்டிருக்கான். போயி சொல்லு" என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை. நானாகப் போய்ச் சொல்வதா என்று ஒரு வீம்பு. நீ விமானம் ஏற இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது.

பிறகு உன் சிறுநீரகம் பழுதானது. வாரத்தில் மூன்று நாள் சிரம்பானில் டயாலிசிஸ். இதே வேனில் இரண்டு வருடம் உன்னைக் கூட்டிப் போனேன். போகும்போது தூங்குவாய், வரும்போது பேசத் தெம்பு இருக்காது. ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது, "அம்மா அன்னிக்கு ஒன்னு சொல்லுச்சுடா" என்று ஆரம்பித்தேன்.

"என்னா?" என்று கண்ணைத் திறந்தாய்.

"உன்னைய உடம்ப பார்த்துக்கச் சொல்லுச்சு."

சே, என்ன ஜென்மம் நான்.

போன மாதம் உன் அக்கா இந்த ஹெட்போனையும் உன் மடிக்கணினியையும் கொண்டுவந்து கொடுத்தார். இன்று பெட்டிகளை ஏற்றிய பிறகு, வேனில் உட்கார்ந்து அந்தக் கோயில் பதிவைத் தேடி எடுத்தேன். வெட்டாத முழுப் பதிவு. உறுமி தொடங்கும் முன்னால் கூட்டத்தின் இரைச்சல், அதற்கு நடுவே அம்மா.

"ஏன்ப்பா வாசல்லயே நிக்கிற? உள்ள வா. இங்க வந்து புடி, நல்லா கேக்கும்."

"வர்றேன்மா" என்கிறாய் நீ.

நான்கைந்து முறை கேட்டுவிட்டேன். அம்மா உன்னை உள்ளே கூப்பிட்டது இதில் பத்திரமாக இருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் நான் சொன்ன வார்த்தை எந்தக் கருவியிலும் இல்லை. அது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.